இருவர் இல்லாமல் நகராத தறி

எல்லோரையும் ஒரே இடத்துக்கு அழைத்துவிட்டால் தானாகவே கலந்து பழகிவிடுவார்கள் என்ற நம்பிக்கையில் நடக்கும் கைவினைப் பட்டறைகள் நிறைய. அப்படிப்பட்ட சிலவற்றில் நானும் உதவிக்கு நின்றிருக்கிறேன். பெரும்பாலும் நடப்பது ஒன்றுதான். காது கேளாதவர்கள் ஒரு மேசை, அக்கம்பக்கத்துப் பெண்கள் ஒரு மேசை, வேறு மொழி பேசும் புதுக் குடித்தனக்காரர்கள் கதவோரம், சக்கர நாற்காலியில் வந்தவர் எங்கே இடம் இருந்ததோ அங்கே. ஒவ்வொருவரும் தன் பானைக்கு வண்ணம் பூசுவார், தன் கூடையைப் பின்னுவார், எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போவார். பக்கத்தில் இருந்தவர் பெயர்கூடத் தெரிந்திருக்காது.

அதனால் இந்த முறை ஆட்களைப் பற்றி யோசிப்பதற்கு முன்னால் வேலையைப் பற்றி யோசித்தோம். ஒருவரால் தனியாகச் செய்யவே முடியாத வேலை வேண்டும். அந்த வேலையில் பக்கத்தில் இருப்பவர் உதவியாளராக இருக்கக்கூடாது, கூட்டாளியாக இருக்க வேண்டும்.

விடை நெசவில் கிடைத்தது. அந்தக் காலத்தில் அகலத் துணி நெய்ய ஒருவர் கை எட்டாது. இரண்டு பேர் தறியில் உட்கார்ந்து, ஒருவர் எறியும் நாடாவை (குறுக்கு நூல் சுற்றிய மரக்கட்டை) இன்னொருவர் பிடித்துத் திருப்பி எறிவார். 1733இல் இங்கிலாந்தில் ஜான் கே என்பவர் பறக்கும் நாடாவுக்குக் காப்புரிமை பெற்றார். கயிற்றைச் சுண்டினால் நாடா தானாக ஓடும் அமைப்பு அது. அதன் பிறகு அகலத் துணிக்கும் ஒரே நெசவாளி போதும் என்றாகிவிட்டது. உற்பத்திக்கு அது பெரிய பாய்ச்சல். எங்களுக்கு வேண்டியதோ, அந்தக் கண்டுபிடிப்பு வேண்டாம் என்று அனுப்பிவைத்த இரண்டாவது ஆள். ஆகவே பறக்கும் நாடாவுக்கு முந்தைய அகலத்துக்குத் திரும்பிப் போனோம்.

சட்டம்

மிதிகட்டை வைத்த தறியெல்லாம் இல்லை. நான்கு மரச்சட்டங்களை இணைத்த எளிய சட்டத் தறி. உள்ளளவு 120 செ.மீ. அகலம், 60 செ.மீ. உயரம். மரம் 5 செ.மீ. அகலமும் 2.5 செ.மீ. கனமும் உள்ள ரீப்பர். மூலைகளைப் பாதிக்குப் பாதி செதுக்கி, ஒன்றின்மேல் ஒன்று படியவைத்து, பசை தடவி, ஸ்க்ரூ முடுக்கினோம்.

மேல்கட்டையிலும் கீழ்கட்டையிலும் சென்டிமீட்டருக்கு ஓர் ஆணி. எல்லா ஆணிகளையும் ஒரே கோட்டில் அடித்தால் மரம் நார்ப்போக்கில் பிளந்துவிடும். இரண்டு கோடு போட்டு, ஒன்றுவிட்டு ஒன்றாக மாற்றி அடிக்க வேண்டும். ஆணித் தலை சற்று வெளிப்பக்கம் சாய்ந்திருந்தால் நூல் நழுவாது.

மேலிருந்து கீழாக ஓடும் 120 பாவு நூல்களையும் முறுக்காக இழுத்துக் கட்டினால், நீளமான கட்டைகள் இரண்டும் உள்பக்கமாக வளைகின்றன. வளைந்ததும் நடுவிலுள்ள நூல்கள் மட்டும் தொய்ந்துபோகும். ஓரத்தில் தட்டினால் நூல் விறைப்பாக இருக்கும், நடுவில் தட்டினால் தொளதொளவென்று ஆடும். சட்டத்தின் பின்பக்கம், சரியாக நடுவில், மேலிருந்து கீழாக ஒரு குறுக்குக்கட்டையை முட்டுக்கொடுத்து இறுக்கியதும் அது சரியானது. இந்த அகலத்தில் யார் சட்டம் செய்தாலும் பாவு கட்டுவதற்கு முன்பே இந்தக் குறுக்குக்கட்டையை வைத்துவிட வேண்டும்.

பாவில் நாங்கள் செய்த ஒரு மாற்றம்தான் மொத்தப் பட்டறையையும் தாங்கியது. வழக்கமாகப் பாவு முழுக்க ஒரே நூலாக இருக்கும். நாங்கள் ஒன்றுவிட்டு ஒன்றாக இரண்டு வகை கட்டினோம். ஒன்று வழவழப்பான பருத்திக் கயிறு, 2 மி.மீ. கனம். அடுத்தது அதே கனத்தில் சொரசொரப்பான சணல். விரல் நுனியால் தடவினாலே எந்த நூல் மேலே இருக்கிறது, எது கீழே என்று தெரிந்துவிடும். பார்வை இல்லாதவர்களுக்காக யோசித்தது, ஆனால் கண் நன்றாகத் தெரிகிறவர்களும் கொஞ்ச நேரத்தில் தடவிப் பார்த்தே நெய்யத் தொடங்கினார்கள். ஒரே ஒரு சிக்கல் உண்டு. பருத்தி இழுபடும் அளவுக்குச் சணல் இழுபடாது. கட்டிவிட்டு ஓர் இரவு விட்டுவைத்து, மறுநாள் பருத்தி நூல்களை மட்டும் மறுபடி இறுக்க வேண்டியிருக்கும். பாவுக்கு 80 மீட்டர் நூல், குறுக்கே ஓடும் ஊடைக்குப் பழைய துணியை 3 செ.மீ. அகலத்தில் கிழித்த துணிப் பட்டைகள் 100 மீட்டர் அளவுக்கு வைத்துக்கொண்டால் ஒரு சட்டம் முடியும். 60 செ.மீ. பாவில் 45 செ.மீ.தான் நெய்கிறோம். மீதி இடம் நூலைத் தூக்கவும், கடைசியில் குஞ்சம் முடியவும் வேண்டும்.

ஒரு வரிசை எப்படி ஓடுகிறது

சணல் நூல்கள் அனைத்துக்கும் அடியில் ஒரு நீளமான தட்டைக்கோல். அதைப் பக்கவாட்டில் நிமிர்த்தினால் சணல் எல்லாம் ஒன்றாக மேலே எழும், பருத்தி கீழே தங்கும். நடுவில் கை நுழையும் அளவுக்கு வாய் திறக்கும். அடுத்த வரிசைக்குப் பருத்தி மேலே வரவேண்டும். அதற்குப் பருத்தி நூல் ஒவ்வொன்றிலும் ஒரு நூல் வளையம் மாட்டி, எல்லா வளையங்களையும் ஓர் உருட்டுக்கட்டையில் கட்டியிருந்தோம். கட்டையைத் தூக்கினால் பருத்தி எழும்.

கோல் 130 செ.மீ. நீளம். ஒரு முனையை மட்டும் நிமிர்த்தினால் முறுக்கிக்கொள்ளும், பாதி நூல்தான் எழும். இரண்டு முனையையும் இரண்டு பேர் ஒரே நேரத்தில் திருப்ப வேண்டும். அப்புறம் ஊடை சுற்றிய மரநாடாவை ஒருவர் தன் பக்கமிருந்து நடுவரைக்கும் தள்ளுவார், மற்றவர் நடுவில் வாங்கித் தன் ஓரத்துக்கு இழுத்துக்கொள்வார். ஊடையை வில் மாதிரி வளைத்துப் போட்டு, இருவருமாகச் சீப்பால் கீழே தட்டிப் படியவைக்க வேண்டும். மறுபடி தூக்கல், மறுபடி தள்ளல். ஒருவர் அவசரப்பட்டாலும் ஒருவர் அசந்தாலும் வரிசை நகராது.

வில் வளைவு எதற்கு என்றால், ஊடையை நேர்கோடாக இழுத்துவிட்டால் துணி ஓரங்கள் உள்ளே ஒடுங்கி, நடுவில் இடுப்பு விழுந்துவிடும். எந்தச் சட்டத் தறியிலும் வருவதுதான். இரண்டு பேர் இரண்டு பக்கமிருந்து நெய்யும்போது இது இன்னும் கூடுதல், ஏனென்றால் ஒவ்வொருவரும் தன் ஓரம் அழகாக இருக்க வேண்டும் என்று தன் பக்கம் இழுப்பார்கள். எதிராளியின் ஓரத்துக்கும் நூல் மிச்சம் வைக்கப் பழகுவதற்குச் சில சாயங்காலங்கள் பிடித்தன. அதை நாங்கள் வாயால் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. துணி ஒடுங்குவதைப் பார்த்து இருவரும் கையைத் தளர்த்தினார்கள்.

தட்டல்

பார்வை இல்லாத ஓர் அக்காவும், வேறு மொழி பேசும் ஒரு பையனும் ஜோடியாக அமைந்தார்கள். அவன் கையசைத்துக் காட்டினால் அக்காவுக்குத் தெரியாது. அக்கா சொன்னால் அவனுக்குப் புரியாது. மொழிபெயர்க்க யாரையாவது பக்கத்தில் உட்கார வைக்கலாமா என்று நாங்கள் யோசித்துக்கொண்டிருந்தபோதே அக்கா சட்டத்தின் கட்டையில் விரல் முட்டியால் ஒரு தட்டுத் தட்டினார். கோலைத் திருப்பினார். பையனும் திருப்பினான். அடுத்த வரிசைக்கு அவன் தட்டினான். ஓரம் இறுகியபோது அக்கா இரண்டு முறை தட்டி, அவன் விரலைக் கேட்டு வாங்கி, இறுகிய இடத்தில் வைத்துக் காட்டினார். "இங்க பாருப்பா, இறுக்கிட்டே. விடு... விடு." அவன் எங்கள் மொழியில் கற்ற முதல் சொற்களில் ஒன்று ‘விடு’.

ஒரு தட்டு என்றால் தயார், இரண்டு என்றால் நிறுத்து. மற்ற சட்டங்களிலும் இதையே வைத்துக்கொண்டோம். மரத்தில் தட்டினால் காது கேளாதவருக்கும் கையில் அதிர்வு தெரியும், கண் தெரியாதவருக்கு அதிர்வும் ஒலியும் தெரியும், மொழி தெரியாதவருக்கு மொழியே வேண்டாம். நாங்கள் எழுதிவைத்திருந்த ‘தொடர்பு வழிமுறைகள்’ காகிதத்தை அதன்பின் யாரும் தேடவில்லை.

இன்னொரு ஜோடி, பக்கவாதத்தால் வலக்கை வராத ஒரு பெரியவரும் காது கேளாத ஓர் இளம்பெண்ணும். பெரியவரைத் தறியின் வலப்பக்கம் உட்கார வைத்தோம். அப்போதுதான் அவருடைய இடக்கை தறியின் நடுவை நோக்கி இருக்கும், நாடாவைத் தள்ளவும் வாங்கவும் வசதி. சட்டத்தை மேசையோடு இரண்டு சி-கிளாம்ப் போட்டு இறுக்கிவிட்டதால் இன்னொரு கையால் பிடித்துக்கொள்ள வேண்டிய தேவையும் இல்லை. சீப்பு நழுவாமல் இருக்க அடியில் ஒரு ரப்பர் விரிப்பு. ஒற்றைக் கைக்காரருக்கு ‘எளிதான வேலை’ தேடித் தருவதைவிட, ஒற்றைக் கை போதும்படி தறியை அமைப்பது கௌரவமான வழி என்பது என் திடமான எண்ணம்.

அறை

மேசைக்கு அடியில் முழங்கால் நுழைய 70 செ.மீ. உயரம், நடைவழி 90 செ.மீ. அகலம், சக்கர நாற்காலி திரும்ப 150 செ.மீ. வட்டம். இவை அளந்து முடிக்கிற விஷயங்கள். அளந்துவிட்டு மறந்துவிடலாம்.

வெளிச்சமும் முகமும் அப்படியல்ல, ஒவ்வொரு முறையும் கவனிக்க வேண்டும். கற்றுத்தருபவர் ஜன்னலுக்கு முதுகு காட்டி நின்றால் முகம் நிழலாகிவிடும். உதட்டசைவும் சைகையும் பார்த்துப் புரிந்துகொள்கிறவருக்கு அப்போது ஒன்றும் தெரியாது. இதைவிட முக்கியமானது, பேசிக்கொண்டே செய்துகாட்டக் கூடாது. காது கேளாதவரின் கண் ஒரே நேரத்தில் கையையும் சைகை மொழிபெயர்ப்பாளரையும் பார்க்க முடியாது. முதலில் சொல்ல வேண்டும், நிறுத்த வேண்டும், பிறகு மௌனமாகச் செய்துகாட்ட வேண்டும். இந்த மெதுவான முறை, வயதானவர்களுக்கும் மொழி தெரியாதவர்களுக்கும் அப்படியே பொருந்தியது.

பார்வை இல்லாதவருக்குக் கையசைவைக் கற்றுத்தரும்போது அவர் கையைப் பிடித்து இழுத்துச் செய்யவைக்கும் பழக்கம் நம்மில் பலருக்கு உண்டு. அதை மாற்றினோம். சொல்லித்தருபவரின் கை அடியில், கற்பவரின் கை மேலே. அவர் விரும்பும்போது கையை எடுத்துக்கொள்ளலாம், விரும்பும்வரை தொடரலாம். தொடுவதற்கு முன்னால் கேட்க வேண்டும். யாருடைய கையிலிருந்தும் வேலையைப் பிடுங்கிச் ‘சரிசெய்து’ தரக்கூடாது. தன்னார்வலர்களுக்கு நாங்கள் கண்டிப்பாகச் சொன்ன விதி இது ஒன்றுதான்.

கூட வருகிறவர்கள்

அம்மாக்கள், மனைவிமார், அண்ணன்மார் கூட வந்து நாற்காலி போட்டுப் பின்னால் உட்கார்ந்திருப்பார்கள். "என்ன நிறம் வேணும் உனக்கு?" என்று நாம் கேட்டால் பின்னாலிருந்து பதில் வரும். அன்பினால் வருவதுதான், பல வருடம் தனியாகச் சுமந்த பழக்கத்தினால் வருவதுதான். ஆனால் அந்தப் பதில் வந்துகொண்டிருக்கும்வரை, பக்கத்தில் இருக்கும் புது ஆள் நாம் கேட்டவரிடம் நேராகப் பேசப்போவதில்லை.

அவர்களை வெளியே காத்திருக்கச் சொல்ல மனம் வரவில்லை, அது தேவையும் இல்லை. அவர்களுக்கும் தறியில் இடம் கொடுத்தோம், வேறொரு சட்டத்தில், வேறொருவரோடு. மகனுக்குத் துணையாக வந்த ஓர் அம்மா, அறையின் மறுகோடியில் ஒரு கல்லூரி மாணவியோடு நெய்தார். முதலில் நிமிடத்துக்கொருமுறை திரும்பிப் பார்த்தார். அப்புறம் பார்ப்பது குறைந்தது. "எனக்குன்னு ஒரு வேலையில உட்கார்ந்து எத்தனை நாளாச்சு" என்று அவர் சொன்னது இப்போதும் காதில் இருக்கிறது. ஒதுக்கப்படுவது மாற்றுத்திறன் உள்ளவர் மட்டுமல்ல, அவரைக் கவனித்துக்கொள்பவரும் சேர்ந்தே ஒதுங்குகிறார். பட்டறை போடுகிறவர்கள் இதை மனதில் வைத்தால் நாற்காலிக் கணக்கே மாறும்.

அந்த மகன் நெடுநாள் தறியைத் தொடவில்லை. சத்தம் குறைவான மூலை ஒன்றை ஒதுக்கியிருந்தோம். அங்கே உட்கார்ந்து ஊடைத் துணிகளை வருடிக்கொண்டிருப்பான். யாரும் வற்புறுத்தவில்லை. அப்போது எனக்கு நினைவில் இருந்தது ஜூடித் ஸ்காட்டின் கதை. டவுன் சிண்ட்ரோமும் காது கேளாமையும் கொண்டவர், 35 ஆண்டுகள் காப்பகங்களில் வைக்கப்பட்டிருந்தவர். இரட்டைச் சகோதரி வெளியே அழைத்துவந்து, 1987இல் கலிஃபோர்னியாவின் ஓக்லாண்டில் உள்ள கிரியேட்டிவ் குரோத் கலை மையத்தில் சேர்த்தார். ஓவியம், வண்ணம் எதிலும் அவருக்கு நாட்டம் வரவில்லை. ஏறக்குறைய இரண்டு ஆண்டுகள் கழித்து, ஒரு நார்க்கலைப் பட்டறையில்தான் நூலைக் கையில் எடுத்தார். பிறகு 2005இல் இறக்கும்வரை நூலால் சுற்றிச் சுற்றிச் சிற்பங்கள் செய்துகொண்டே இருந்தார். இன்று அவை பெரிய அருங்காட்சியகங்களில் இருக்கின்றன. அந்த இரண்டு ஆண்டுகள் அவருடைய இடத்தை யாரும் காலிசெய்யச் சொல்லவில்லை.

எங்கள் பையன் ஒருநாள் துணியைக் கிழிக்கத் தொடங்கினான். ஓரத்தில் கத்தரியால் சின்ன வெட்டு ஒன்று போட்டுக் கொடுத்தால், நூல்போக்கு பிசகாமல் கடைசிவரை ஒரே இழுப்பில் கிழிப்பான். மற்றவர்கள் கிழித்தால் நடுவில் கோணிக்கொண்டு போகும். ஊடைத் துண்டு முழுவதும் அவனிடம் கேட்டு வாங்க வேண்டும் என்று வைத்தோம். எந்தச் சட்டத்திலும் ஊடை தீர்ந்தால் யாராவது எழுந்து அவனிடம் போய், நிறத்தைக் காட்டி, காத்திருந்து வாங்கிவர வேண்டும். அவன் யாரிடமும் போக வேண்டியிருக்கவில்லை. எல்லோரும் அவனிடம் வந்தார்கள்.

யார் யாருக்குச் சொல்லித்தருவது

அமெரிக்க உளவியலாளர் கோர்டன் ஆல்போர்ட் 1954இலேயே சொல்லிவைத்தார்: வெவ்வேறு குழுவினர் வெறுமனே சந்தித்துக்கொண்டால் மனத்தடை குறையாது, சம அந்தஸ்து, பொதுவான இலக்கு, ஒத்துழைத்துச் செய்யும் வேலை, பொறுப்பில் இருப்பவர்களின் ஆதரவு ஆகியவை சேர்ந்திருக்க வேண்டும். இதில் சம அந்தஸ்துதான் கைவினைப் பட்டறைகளில் பெரும்பாலும் விடுபடுகிறது. ஒரு பக்கம் சொல்லித்தருகிறவர்கள், மறுபக்கம் கற்றுக்கொள்கிறவர்கள். அந்தக் கோடு ஏற்கெனவே உள்ள கோட்டின் மேலேயே விழுகிறது.

அதை உடைக்க இன்னொரு அமெரிக்க உளவியலாளர் எலியட் அரான்சனின் வழியை எடுத்துக்கொண்டோம். 1971இல் டெக்சாஸின் ஆஸ்டினில், இனப் பிரிவினை நீங்கிய பள்ளிகளில் பிள்ளைகள் மோதிக்கொண்டபோது, அவர் பாடத்தைத் துண்டுகளாகப் பிரித்து ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு துண்டைக் கொடுத்தார். மற்றவர் துண்டைக் கேட்டுத் தெரிந்துகொள்ளாமல் யாருக்கும் பாடம் முழுமையாகாது. நாங்களும் நெசவை நான்காகப் பிரித்தோம்: பாவு கட்டுவது, ஊடை முடியும் இடத்தில் முடிச்சுப் போடாமல் 5 செ.மீ. மேலடுக்கிச் சேர்ப்பது, ஓரம் பார்ப்பது, குஞ்சம் முடிவது. நான்கையும் நான்கு சிறு குழுக்களுக்குத் தனித்தனியாகச் சொல்லித்தந்தோம். அதன்பின் எங்களிடம் யார் கேட்டாலும் ஒரே பதில்தான்: "ஓரம் பத்தி அக்காகிட்ட கேளுங்க", "குஞ்சத்துக்குப் பெரியவரைப் பாருங்க." ஓரம் பார்க்கும் அக்கா, முழு அறையையும் ஒரு சுற்று வந்து ஒவ்வொரு சட்டத்தின் ஓரத்தையும் தடவிப் பார்ப்பார். கண் தெரிகிறவர்கள் கண்டுபிடிக்காத ஒடுக்கத்தை விரலால் கண்டுபிடிப்பார்.

புதிதாகக் குடிவந்த குடும்பத்தின் அம்மா ஒருவருக்கு நாங்கள் சொல்லித்தரவே தேவைப்படவில்லை. சிறு வயதிலேயே நெய்தவர். பாவு கட்டும் வேகத்தைப் பார்த்து அறை நின்றுவிட்டது. அதுவரை அம்மாவுக்காகக் கூச்சத்தோடு மொழிபெயர்த்துக்கொண்டிருந்த மகள், அன்று அம்மா என்ன செய்கிறார் என்பதை எல்லோருக்கும் விளக்கிக்கொண்டிருந்தாள். சிகாகோவில் தான் நடத்திவந்த ஹல் ஹவுஸ் என்ற சமூக இல்லத்தில் ஜேன் ஆடம்ஸ் 1900இல் உழைப்பு அருங்காட்சியகம் ஒன்றைத் திறந்தது இதே நோக்கத்தோடுதான். குடியேறிய தாய்மார் தங்கள் நாட்டு முறையில் நூற்பதையும் நெய்வதையும் அங்கே வந்து செய்துகாட்டினார்கள். பெற்றோரைப் பார்த்துக் கூசிய பிள்ளைகள், அவர்களின் கைத்திறனைப் பிறர் மதிப்பதைப் பார்க்க வேண்டும் என்று ஆடம்ஸ் விரும்பினார்.

பிசகும் பெயரும்

வரிசையில் நூல் தாவியிருந்தால் பிரிக்க வேண்டுமா என்ற கேள்வி அடிக்கடி வந்தது. ஜப்பானில் மிசாவோ ஜோ தொடங்கிய சாவோரி நெசவு ஒரு விடுபட்ட பாவு நூலிலிருந்து பிறந்தது. குறை என்று மற்றவர்கள் சொன்னதை அவர் அழகு என்று எடுத்துக்கொண்டார். மாற்றுத்திறன் உள்ளவர்களோடு வேலை செய்யும் பல இடங்களில் இன்று அந்த நெசவு இருக்கிறது. நான் முக்கால்வாசி அதை ஏற்கிறேன். ஆனால் பிரித்துத் திருத்த விரும்புகிறவருக்கு "பரவாயில்லை, இதுவே அழகு" என்று சொல்லி அனுப்புவது அவரைக் குறைத்து மதிப்பிடுவதாகும். திருத்த விரும்பினால் திருத்தக் கற்றுத்தர வேண்டும். முடிவு நெய்தவர்களுடையது, இருவரும் ஒத்துக்கொண்ட முடிவு.

முடிந்த துணிகளை வரிசையாக இணைத்துச் சுவரில் மாட்டியபோது, ஒவ்வொன்றின் கீழும் இரண்டு பெயர்கள், விரும்பியவர்களுடையது மட்டும். யாருக்கு என்ன குறைபாடு என்பது எங்கும் எழுதப்படவில்லை. ‘இவர்களாலும் முடிந்தது’ என்ற தொனியில் ஒரு வரி போடலாம் என்று யோசனை வந்தது, போடவில்லை. நெய்ததைப் பார்க்க வருகிறவர்கள் நெய்ததைப் பார்க்கட்டும்.

இதே சட்டத்தைச் செய்து பார்க்க நினைப்பவர்களுக்குச் சில வார்த்தைகள். அகலத்தை 100 செ.மீ.க்குக் கீழே கொண்டுபோக வேண்டாம். 80 செ.மீ. ஆனால் கை நீளமானவர் தனியாகவே நெய்துவிடுவார், பக்கத்திலிருப்பவர் வேடிக்கை பார்ப்பார். 140ஐத் தாண்டினால் நடுவில் கை எட்டாமல் இருவருமே எழுந்து எழுந்து உட்கார வேண்டும், சக்கர நாற்காலியில் இருப்பவருக்கு அது முடியாது. ஒரே ஜோடியைக் கடைசிவரை வைக்காமல், நிறம் மாறும் இடத்தில் ஆள் மாற்றுங்கள். ஆனால் மாற்றம் பிடிக்காதவர்களுக்கு முதல் வாரமே சொல்லிவிடுங்கள், படம் வரைந்து காட்டினால் இன்னும் நல்லது. அடுத்த பாவை நீங்கள் கட்டாதீர்கள். நெய்து முடித்தவர்களிடம் வெறும் சட்டத்தைக் கொடுத்துவிடுங்கள்.